ஓசூர் தாண்டியும் கூடவே வரும் சலான்

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டிலிருந்து ஆரம்பிக்குது. அனுப்பினவர் வேப்பந்தட்டை பக்கம் ஒரு கிராமம், இப்போ பெங்களூருல வேலை. ஓட்டுறது அப்பா பேர்ல இருக்கிற டிஎன் 46 பைக். அப்பா ஊர்ல மக்காச்சோளமும் பருத்தியும் போடுற விவசாயி. போன மாசம் அவர் போனுக்கு இங்கிலீஷ்ல ஒரு மெசேஜ் வந்திருக்கு. டீக்கடையில ஒரு பையன் படிச்சுப் பார்த்துட்டு, "பெரியப்பா, கோர்ட்டுன்னு போட்டிருக்கு. கர்நாடகாவாம்" அப்படின்னு சொல்லியிருக்கான். அன்னைக்கு ராத்திரி அவர் சாப்பிடவே இல்லையாம்.

நேயர் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணா, 500 ரூபாய் பிரச்சனை இல்ல. அப்பா மேல கேஸா? கர்நாடகா ஃபைன் நம்ம ஊர் வரைக்கும் வருமா? கட்டாம விட்டா என்ன ஆகும்?"

நானும் அந்தப் பக்கம்தான், ஜெயங்கொண்டம். பெங்களூருல எந்த பிஜி வாசல்ல போய்ப் பார்த்தாலும் ஒரு டிஎன் 46, இல்லன்னா டிஎன் 61 நின்னுட்டிருக்கும். காலேஜ் சேரும்போது அப்பா பேர்ல வாங்கின வண்டி, வேலை கிடைச்சதும் பையனோட ரயில்ல பார்சலா வந்து இறங்கியிருக்கும். ஆர்சி புக் மட்டும் ஊர்ல பீரோவுக்குள்ள. அதனால இந்தக் கேள்வி ஒருத்தரோட கேள்வி இல்ல.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிடலாம். "வேற ஸ்டேட் ஃபைன் நம்மளை என்ன பண்ணும்"ங்கிற தைரியத்துக்கு அடிப்படையே கிடையாது. அமெரிக்காவுல ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி போக்குவரத்துச் சட்டம் வைச்சிருக்கு. பக்கத்து மாநிலத்துல டிக்கெட் வாங்கினா அது சொந்த மாநிலத்துக்குத் தெரியறதுக்கு மாநிலங்கள் தங்களுக்குள்ள ஒப்பந்தம் போட வேண்டியிருந்துச்சு. இங்கே அந்தக் கதையே இல்ல. நாடு முழுக்க ஒரே சட்டம், 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். பெரம்பலூர் ஆர்டிஓ ஆபீஸ்ல வாங்கின லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும்னு சொல்றது அந்தச் சட்டத்தோட 13-வது பிரிவு. டிஎன் 46 ரெஜிஸ்ட்ரேஷன் எல்லா மாநிலத்துலயும் செல்லும்னு சொல்றது 46-வது பிரிவு. (46-க்கு 46, தற்செயல்தான்.) அந்தச் சட்டத்தை வைச்சுத்தான் நாம கர்நாடகாவுல வண்டி ஓட்டுறோம். அதே சட்டத்துலதான் அவங்க ஃபைனும் போடறாங்க. ஓட்டறதுக்கு மட்டும் இந்தியா, கட்டறதுக்கு மட்டும் தமிழ்நாடுன்னு பிரிக்க முடியாது.

மாறுறது தொகைதான். நீதிமன்றம் போகாமலே பணம் கட்டி முடிக்கக்கூடிய குற்றங்களுக்கு எவ்வளவு வாங்கலாம்னு முடிவு பண்ற அதிகாரத்தை 200-வது பிரிவு மாநில அரசுக்குக் கொடுக்குது. 2019 செப்டம்பர்ல திருத்தச் சட்டம் வந்தப்போ ஹெல்மெட் போடாததுக்கு 1,000 ரூபாய்னு மத்திய அரசு வைச்சது. கர்நாடகா அதை 500 ஆக்கிடுச்சு. தமிழ்நாடு ரொம்ப நாள் பழைய 100 ரூபாயிலேயே இருந்துட்டு, 2022 அக்டோபர்ல 1,000-க்கு வந்துச்சு. ஆக, ஓசூர்ல ஹெல்மெட் இல்லாம பிடிபட்டா 1,000, பத்து நிமிஷம் தள்ளி அத்திப்பள்ளியில பிடிபட்டா 500. தலை அதே தலைதான்.

சரி, பையன் ஓட்டினதுக்கு அப்பாவுக்கு ஏன் மெசேஜ் போச்சு? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் மாதிரி. இதை ஒரு சாஃப்ட்வேர் ஆளா எனக்குச் சொல்றது ஈசி. சிக்னல்ல இருக்கிற கேமரா உங்க முகத்தைத் தேடறதில்ல, நம்பர் பிளேட்டைத் தேடுது. படத்துலேர்ந்து எழுத்தையும் எண்ணையும் பிரிச்செடுக்குது. அந்த நம்பரை 'வாகன்'ங்கிற தேசிய வாகனப் பதிவேட்டுல கொடுத்துக் கேட்டா, பதிலா ஓனர் பேர், முகவரி, மொபைல் நம்பர் வரும். மொத்த சிஸ்டத்துக்கும் அடையாளம் வண்டி நம்பர்தான். வண்டியில யார் உக்கார்ந்திருந்தாங்கங்கிற தகவல் அந்த டேபிள்லயே கிடையாது. அதனால சிஸ்டத்துக்குத் தெரிஞ்ச ஒரே ஆள், ஆர்சி-யில பேர் இருக்கிறவர். இந்தக் கேஸ்ல, பெங்களூரையே பார்க்காத ஒரு விவசாயி.

சட்டமும் ஓனரைச் சும்மா விடறதில்ல. வண்டியை யார் ஓட்டினாங்கன்னு அதிகாரி கேட்டா, ஓனர் சொல்லியே ஆகணும்னு 133-வது பிரிவு இருக்கு. ஹெல்மெட், சீட் பெல்ட் மாதிரி சின்ன விஷயத்துல யாரும் அவ்வளவு தூரம் போறதில்ல, பணம் கட்டினா முடிஞ்சிடும். ஆனா சிவப்பு சிக்னல், அதிவேகம், ஓட்டும்போது மொபைல் இதெல்லாம் லைசென்ஸைத் தற்காலிகமா முடக்கற வரைக்கும் போகலாம். அப்போ ஓட்டினவர் யாருங்கிறது முக்கியம். அந்த மாதிரி சலான் வந்தா அப்பா பேர்லயே கட்டித் தள்ளிட்டுப் போகாதீங்க. ஓட்டினது நான்தான்னு முன்னாடி வந்து சொல்லிடுங்க, எழுத்துல.

அடுத்தது எனக்கு ரொம்ப எரிச்சலான விஷயம், மொபைல் நம்பர். ஆர்சி-யில பதிவாகியிருக்கிறது வண்டி வாங்கின அன்னைக்கு ஷோரூம்ல கொடுத்த நம்பர். அது அப்பாவோட பழைய சிம்மா இருக்கலாம், சில நேரம் டீலர் ஆள் தன் நம்பரையே போட்டிருப்பார். நம்பர் செத்துப்போச்சுன்னா சலான் வந்ததே உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே ஒண்ணு நாலாகும், நாலு பத்தாகும். பெங்களூருல வண்டி விலையை விட ஃபைன் அதிகமாகிப் போன ஸ்கூட்டர்கள் நியூஸ்ல வந்ததைப் பார்த்திருப்பீங்க. அதனால இந்த எபிசோட்ல ஒரே ஒரு வேலைதான் பண்ணுவீங்கன்னா, அது இதுவா இருக்கட்டும்: பரிவாகன் இணையதளத்துல மொபைல் நம்பர் மாத்தற பகுதிக்குப் போங்க. வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் எல்லாம் கேட்கும். ஊருக்குப் போன் போட்டு, பீரோவைத் திறந்து ஆர்சி-யை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அப்பா சம்மதிச்சா உங்க நம்பரையே போட்டுடுங்க. வண்டி யார்கிட்ட இருக்கோ மெசேஜும் அங்கேதான் வரணும்.

சலான் இருக்கான்னு பார்க்கறதுக்கு மத்திய அரசோட இ-சலான் தளம் இருக்கு. வண்டி நம்பரும், சேசிஸ் இல்லன்னா இன்ஜின் நம்பரோட கடைசி 5 இலக்கமும் போட்டா காட்டும். இங்கே ஒரு பொறி. எல்லா மாநிலமும் எல்லாத்தையும் அதுல மட்டும் வைக்கிறதில்ல. பெங்களூரு டிராஃபிக் போலீஸுக்குத் தனி தளம் உண்டு, தெலங்கானாவுக்கும் தனி. மத்திய தளத்துல "எதுவும் இல்லை"ன்னு வந்தா நிம்மதியா தூங்கிடாதீங்க, எந்த ஊர்ல ஓட்டினீங்களோ அந்த ஊர் தளத்துலயும் ஒரு தடவை பாருங்க.

சலான் கண்ணுல பட்டதும் உடனே பணம் கட்டற பட்டனை அழுத்தாதீங்க. முதல்ல படத்தைப் பாருங்க. கேமரா எழுத்தைப் பிரிச்செடுக்கிறதுல தப்பு நடக்கும். 8-ம் 'பி'-யும் குழம்பும், பூஜ்யமும் 'ஓ'-வும் குழம்பும். மண்ணு படிஞ்ச பிளேட், வளைஞ்ச பிளேட், 8055-ஐ 'பாஸ்'னு தெரியற மாதிரி எழுதின பிளேட், இதெல்லாம் அந்த மெஷினுக்குப் பரீட்சை. 46-ஐ 48-ன்னு படிச்சா பெரம்பலூர் வண்டியோட பாவம் ஸ்ரீரங்கத்து வண்டிக்குப் போயிடும். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானதால இந்தக் குழப்பம் குறையணும். ஆனா நம்ம ஊர்ல பழைய பிளேட்டு வண்டிகள்தான் இன்னும் நிறைய ஓடுது. படத்துல இருக்கிறது உங்க மாடல்தானா, உங்க கலர்தானா, அந்த நாள் வண்டி அந்த ஊர்லதான் இருந்துச்சா, இதை மட்டும் பாருங்க. உங்க நம்பரை வேற வண்டியில மாட்டிட்டுச் சுத்தறாங்கன்னு தெரிஞ்சா அது சலான் பிரச்சனையே இல்ல, உடனே போலீஸ்ல புகார் கொடுக்க வேண்டிய விஷயம்.

கேமரா சலானுக்கு விதிகளும் இருக்கு. 2021 ஆகஸ்ட்ல மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 167ஏ-ன்னு ஒண்ணு சேர்த்தாங்க. குற்றம் நடந்த 15 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும். நம்பர் பிளேட் தெரியற படம், நாள், நேரம், இடம், எந்தப் பிரிவு, எல்லாம் இருக்கணும். வழக்கு முடியற வரைக்கும் அந்தப் பதிவை அழிக்கக் கூடாது. உங்க சலான்ல இதெல்லாம் இல்லன்னா எதிர்த்துக் கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கு. இ-சலான் தளத்துலயே புகார் பகுதி இருக்கு, சலான் நம்பரைப் போட்டு எழுதலாம். உங்க வண்டி போட்டோ, அன்னைக்கு நீங்க வேற ஊர்ல இருந்ததுக்கு ஆதாரம், ஃபாஸ்டேக் பதிவோ ஆபீஸ் வருகைப் பதிவோ எதுவா இருந்தாலும் சேர்த்து வைங்க.

புகார்ல முடியலன்னா? இங்கேதான் வெளிமாநில சலானோட உண்மையான வலி. எதிர்த்து வாதாடணும்னா, குற்றம் நடந்ததா சொல்ற ஊர் நீதிமன்றத்துலதான். பெரம்பலூர்லேர்ந்து ஆத்தூர், சேலம், ஓசூர் வழியா பெங்களூருக்குச் சுமார் 300 கிலோமீட்டர். போக வர பஸ் காசு, ஒரு நாள் வேலை, வக்கீல் வைச்சா அவர் ஃபீஸ். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம். நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் 500 ரூபாயைக் கட்டிட்டுப் போறதுதான் லாபம்னு கணக்கு சொல்லும். என் கருத்துல, இந்தச் சிஸ்டத்தை டிசைன் பண்ணவங்க கட்டற பாதையை நாலு க்ளிக்குல முடிச்சுட்டு, மறுக்கற பாதையை 300 கிலோமீட்டர் ஆக்கிட்டாங்க. தப்பே பண்ணாத ஆளும் கட்டிடறார். அதனாலதான் புகார் கட்டத்துலயே முடிஞ்சவரை சண்டை போடுங்கன்னு சொல்றேன். அதுக்கு பஸ் ஏற வேண்டியதில்ல.

இப்போ அந்த 'கோர்ட்' மெசேஜ். நேயரோட அப்பாவைப் பயமுறுத்தினது இதுதான். சலானைக் குறிப்பிட்ட காலத்துக்குள்ள கட்டலன்னா அது விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போகும். விர்ச்சுவல் கோர்ட்ங்கிறது கூண்டும் டவாலியும் இருக்கிற இடம் இல்ல. 2019-ல டெல்லியில போக்குவரத்துச் சலான்களுக்காக ஆரம்பிச்சாங்க, அப்புறம் மத்த மாநிலங்களுக்கு வந்துச்சு. நீதிபதி கம்ப்யூட்டர் திரையிலேயே கேஸைப் பார்த்து அபராதத்தை நிர்ணயிப்பார். உங்க போனுக்கு மெசேஜ் வரும். விர்ச்சுவல் கோர்ட் தளத்துல மாநிலத்தையும் துறையையும் தேர்ந்தெடுத்து உள்ளே போனா ரெண்டு வழி இருக்கும்: சொன்ன அபராதத்தைக் கட்டறேன், இல்லன்னா வழக்கை எதிர்க்கறேன். கட்டினா தப்பை ஒத்துக்கிட்டதா அர்த்தம், கேஸ் அங்கேயே முடியும். எதிர்க்கறேன்னு சொன்னா அது உண்மையான நீதிமன்றத்துக்குப் போகும், அதாவது அந்த 300 கிலோமீட்டர். ஒரு விஷயம் கவனிங்க. கேஸ் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிட்டா பழைய இ-சலான் பக்கத்துல கட்ட முடியாம தவிப்பீங்க. சைட் வேலை செய்யலன்னு திட்டாதீங்க, கேஸ் இடம் மாறியிருக்கு.

ஹெல்மெட் சலானுக்காக யாரும் வேப்பந்தட்டைக்கு ஜீப் எடுத்துட்டு வரப்போறதில்ல. கோர்ட் வாசலை மிதிக்காத குடும்பங்களுக்கு அந்த ஒரு வார்த்தையே போதும், அதனாலதான் இதை இவ்வளவு நேரம் சொல்றேன். வீட்டுக்குப் போன் பண்ணி, "அப்பா, அது கரண்ட் பில் மாதிரி, நான் பார்த்துக்கறேன்"னு சொல்லிடுங்க. குடிச்சிட்டு ஓட்டினது வேற கதை. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறைன்னு 185-வது பிரிவு சொல்லுது. அதுக்கு வக்கீலைப் பாருங்க, பாட்காஸ்ட் கேட்காதீங்க.

கட்டாம விட்டா? "ஆறு மாசம் ஆனா காலாவதி ஆயிடும் மச்சி"ன்னு ஒருத்தர் சொல்லியிருப்பார். அரைகுறை உண்மை. அபராதம் மட்டுமே தண்டனையா இருக்கிற குற்றத்தை ஆறு மாசத்துக்குள்ள நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கணும்னு கால வரம்பு இருக்கறது நிஜம். இப்போ அது பிஎன்எஸ்எஸ் சட்டத்தோட 514-வது பிரிவு. ஆனா உங்க சலான் அந்த ஆறு மாசத்துக்குள்ளயே விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தா, அந்த வாதம் ஓடாது. இணையதளத்துல நிலுவைன்னு நிக்கிறதும் தானா அழியாது. வண்டியை விக்கும்போது, பேர் மாத்தும்போது, வேற மாநிலத்துக்கு என்ஓசி கேட்கும்போதுதான் அது முன்னாடி வந்து நிக்கும். வாங்கறவர் முதல்ல பார்க்கறதே சலான் பாக்கி இருக்கான்னுதான்.

இன்னொரு கூட்டம் தள்ளுபடிக்காகக் காத்திருக்கும். அவங்களைக் குறை சொல்ல முடியாது, அரசாங்கமே பழக்கிவிட்டது. 2023 பிப்ரவரியில கர்நாடகா நிலுவைச் சலான்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி கொடுத்துச்சு. ஒன்பது நாள்ல 100 கோடி ரூபாய்க்கு மேல வசூல். 2025 ஆகஸ்ட் 23-லேர்ந்து செப்டம்பர் 12 வரைக்கும் மறுபடி. ஒழுங்கா அன்னைக்கே கட்டினவன் முழுசா கட்டினான், ரெண்டு வருஷம் இழுத்தடிச்சவன் பாதி கட்டினான். எனக்கு இது சுத்தமா பிடிக்கல. ஆனா நிலுவை நிறைய சேர்ந்திருக்குன்னா, அந்த மாதிரி அறிவிப்பு வரும்போது விட்டுடாதீங்க. லோக் அதாலத் நடக்கற நாளும் கேட்டு வைங்க.

கர்நாடகா மட்டும் இல்ல. கார்த்திகை, மார்கழி வந்தா பெரம்பலூர், அரியலூர்லேர்ந்து சபரிமலைக்கு எத்தனை கார், வேன் போகுதுன்னு உங்களுக்கே தெரியும். கேரளாவுல 2023 ஜூன் 5-லேர்ந்து ஏஐ கேமரா வைச்சு ஃபைன் போடறாங்க, மொத்தம் 726 கேமரா. முன் சீட்ல டிரைவர் பக்கத்துல இருக்கிறவர் பெல்ட் போடலன்னாலும் 500. ஓட்டும்போது கையில மொபைல் இருந்தா 2,000. மாலை போட்டுட்டுப் போய்த் திரும்பி வந்து ரெண்டு வாரம் கழிச்சு ஓனருக்கு மெசேஜ் வரும்போது, அந்த நாள் யார் ஓட்டினாங்கன்னே குருசாமிக்கு ஞாபகம் இருக்காது. டிரைவர் மாறும்போது வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வரி போட்டு வைங்க, நேரத்தோட.

ரோட்ல நேர்ல நிறுத்தினா சுருக்கமா இவ்வளவுதான். டிஜிலாக்கர்லயோ எம்-பரிவாகன்லயோ இருக்கிற லைசென்ஸ், ஆர்சி செல்லும், 2018-லேயே விதியைத் திருத்திட்டாங்க. வெறும் போட்டோ கேலரியில இருக்கிற படம் செல்லாது. பணம் கட்டினா ரசீது வாங்குங்க, ரசீது இல்லாத பணம் ஃபைன் இல்ல. லைசென்ஸை வாங்கி வைச்சுக்கிட்டா, 206-வது பிரிவுப்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தரணும். அதை வைச்சுக்கிட்டு நீங்க வண்டி ஓட்டலாம். மொழி தெரியலன்னாலும் கேட்க வேண்டியது ஒரே வார்த்தைதான், 'ரசீது'. கன்னடத்துலயும் மலையாளத்துலயும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான்.

இந்தப் பயத்தை வைச்சே ஒரு திருட்டும் நடக்குது. வாட்ஸ்அப்ல "உங்க வண்டிக்கு சலான்"னு ஒரு மெசேஜ், கூடவே ஏபிகே ஃபைல். அதை இன்ஸ்டால் பண்ணா உங்க எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போயிடும், அப்புறம் பேங்க் பணம். எந்த அரசுத் துறையும் சலானை ஏபிகே ஃபைலா அனுப்பாது. லிங்க் வந்தா தொடாதீங்க, நீங்களே தளத்தைத் தேடிப் போய் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. முகவரி 'கவ் டாட் இன்'னு முடியுதான்னு பாருங்க. பணம் போயிடுச்சுன்னா தாமதிக்காம 1930-க்குக் கூப்பிடுங்க. ஊர்ல அப்பா, அம்மாகிட்ட இதைத் தனியா சொல்லி வைங்க. ஏன்னா ஆர்சி-யில இருக்கிற பேர் அவங்களோடது, பயப்படப் போறதும் அவங்கதான்.

கடைசியா, இதே கதை தலைகீழாவும் நடக்கும். கேஏ, கேஎல் நம்பர்ல நம்ம பக்கம் கங்கைகொண்ட சோழபுரம் பார்க்க வர்றவங்க, சென்னை திருச்சி நெடுஞ்சாலையில பெரம்பலூரைத் தாண்டிப் போறவங்க, எல்லாருக்கும் தமிழ்நாட்டுத் தொகைதான், எதிர்க்கணும்னா இங்கத்த நீதிமன்றம்தான். பெங்களூரு ஃப்ரெண்டை ஊருக்குக் கூட்டிட்டு வரும்போது ஹெல்மெட் 1,000-ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

வெளிமாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டியை வைச்சிருந்தா அந்த ஊர் நம்பருக்கு மாறணும்னு 47-வது பிரிவு சொல்லுது. அது சலான் இல்ல, ரோடு டாக்ஸ் சமாச்சாரம், 500 ரூபாயில முடியாது. பிஎச் நம்பர் யாருக்குக் கிடைக்கும், என்ஓசி எப்படி வாங்கணும், ஏற்கனவே கட்டின வரியைத் திரும்ப வாங்க முடியுமா, இதை அடுத்த எபிசோட்ல பேசறேன். உங்க வண்டி எத்தனை வருஷமா வெளியூர்ல நிக்குதுன்னு வாய்ஸ் நோட்ல சொல்லுங்க.